வேலை கூடக் கூட கை ஏன் காய்கிறது? கட்டட ஒப்பந்தத் தொழிலில் திட்டமிட்ட வளர்ச்சி

கட்டட ஒப்பந்தக்காரர் ஒருவர் நொடித்துப்போனார் என்று கேள்விப்பட்டால், "பாவம், வேலை கிடைக்கவில்லை போல" என்றுதான் வெளியில் இருப்பவர்கள் நினைப்பார்கள். தொழிலுக்குள் இருப்பவர்களைக் கேட்டால் வேறு சொல்வார்கள். வேலை இல்லாதவர் மெல்லத்தான் தேய்வார். கொஞ்ச நாள் இன்னொருவரிடம் கூலிக்குப் போவார், சமாளித்துவிடுவார். கையில் ஆறேழு வீடு வைத்திருப்பவர்தான் ஒரு சனிக்கிழமை சாயங்காலம் கூலி போட வழியில்லாமல் போனை அணைத்துவைப்பார்.

இது ஏன் நடக்கிறது என்று புரிந்துகொண்டால் "திட்டமிட்ட வளர்ச்சி" என்பதில் பாதி புரிந்துவிடும். மீதிப் பாதி, அந்தத் திட்டத்தை யார் காப்பாற்றுவது என்பது. தலைமை என்று மேடையில் பேசுவது எதுவோ, இந்தத் தொழிலில் அது பெரும்பாலும் வந்த வேலையை வேண்டாம் என்று சொல்வதும், தான் இல்லாத இடத்தில் வேலை சரியாக நடக்க ஏற்பாடு செய்வதும்தான்.

ஒரு வீட்டின் கணக்கு

மாதிரிக்கு ஒரு வீட்டை எடுத்துக்கொள்வோம். 1,500 சதுர அடி. பொருளும் கூலியும் சேர்த்து சதுர அடிக்கு 2,400 ரூபாய் என்று பேசியாகிவிட்டது. மொத்தம் 36 லட்சம். எல்லாம் ஒழுங்காகப் போனால் ஒப்பந்தக்காரருக்கு 10 சதவீதம், அதாவது 3.6 லட்சம் நிற்கும். வேலை எட்டு மாதம். ரேட் ஊருக்கு ஊர் மாறும். கணக்கின் போக்கு மாறாது.

பணம் தவணையாகத்தான் வரும். அட்வான்ஸ் 10 சதவீதம், பேஸ்மட்டம் (தரை வரையிலான அடித்தளம்) முடிந்ததும் 20, லிண்டல் (கதவு, ஜன்னலுக்கு மேலே வரும் கான்கிரீட்) மட்டத்தில் 20, ரூஃப் போட்டதும் 25, பூச்சு முடிந்ததும் 20, சாவி கொடுக்கும்போது 5 என்று வைத்துக்கொள்வோம். கவனித்தீர்களா, அட்வான்ஸைத் தவிர எல்லாமே வேலை முடிந்த பிறகு வருகிற பணம். செலவோ அப்படிக் காத்திருக்காது. கொத்தனாருக்கும் சித்தாளுக்கும் வாராவாரம் கூலி. எம்-சாண்டும் (கல்லை உடைத்துச் செய்யும் மணல்) ஜல்லியும் லோடு இறங்கியதும் காசு. கம்பிக்கு முன்பணம். ஹார்டுவேர் கடைக்காரர் மட்டும் கொஞ்சம் பொறுப்பார்.

ஆகவே ஒவ்வொரு தவணைக்கும் முன்னால் ஒப்பந்தக்காரரின் சொந்தப் பணம் வீட்டுக்குள் போய் உட்கார்ந்துவிடுகிறது. ரூஃப் போடும் வாரத்தில் இது உச்சத்துக்குப் போகும். நம் மாதிரி வீட்டில் 4 லட்சம் என்று கொள்வோம். இதைத்தான் நடைமுறை மூலதனம் என்கிறார்கள். வேலை நடந்துகொண்டிருக்க, திரும்பி வரும் என்ற நம்பிக்கையில் முன்னே போட்டுவைக்கும் பணம்.

இப்போது அந்தக் கடைசி 5 சதவீதத்தைப் பாருங்கள். 36 லட்சத்தில் அது 1.8 லட்சம். மொத்த லாபமே 3.6 லட்சம்தான். அதாவது லாபத்தில் பாதி, சாவி கொடுக்கும் நாளில்தான் கைக்கு வரும். வீட்டுக்காரர் "பாத்ரூம் டைல்ஸில் சரிவு சரியில்லை", "மாடிப்படி கைப்பிடி ஆடுகிறது" என்று இழுத்தடிப்பதும் அந்தத் தவணையைத்தான்.

இனி பெருக்கிப் பாருங்கள். கையில் 8 லட்சம் இருப்பவர் இரண்டு வீடு கட்டினால் நிம்மதி. ஐந்து வீடு எடுத்தால் உச்ச வாரத்தில் 20 லட்சம் வேண்டும். குறையும் 12 லட்சத்தை இரண்டு வட்டிக்கு வாங்கினால் மாதம் 24,000 ரூபாய். எட்டு மாதமும் அந்தக் கடன் நின்றால் 1.92 லட்சம், ஒரு வீட்டு லாபத்தில் பாதிக்கு மேல் வட்டிக்கே போயிற்று. இது எல்லா வீட்டுக்காரரும் சொன்ன தேதியில் பணம் தந்தால் வரும் கணக்கு. அப்படித் தருகிற ஐந்து பேர் ஒரே வருடத்தில் அமைவது அபூர்வம்.

புது அட்வான்ஸ் என்னும் பழக்கம்

வட்டியைவிட ஆபத்தானது ஒன்று உண்டு. அதில் வட்டியே கிடையாது என்பதால்தான் பலர் அதில் விழுகிறார்கள்.

மூன்றாவது வீட்டுக்காரர் கொடுத்த அட்வான்ஸ் 3.6 லட்சம் கையில் இருக்கிறது. இரண்டாவது வீட்டில் பூச்சு வேலைக்குப் பணம் முடை. மூன்றாவது வீட்டில் இன்னும் அஸ்திவாரத்துக்கு வானமே தோண்டவில்லை. எடுத்துப் போட்டுக்கொண்டால் என்ன? போடுகிறார். பிறகு மூன்றாவது வீடு தொடங்கும்போது பணம் இருக்காது. அதைத் தொடங்க நான்காவது வீட்டின் அட்வான்ஸ் தேவைப்படும். இப்போது அவர் வேலை பிடிப்பது லாபத்துக்காக அல்ல, அட்வான்ஸுக்காக. அட்வான்ஸ் அவசரத்தில் ரேட்டையும் இறக்குவார். சதுர அடிக்கு 100 ரூபாய் இறக்கினால் நம் வீட்டில் 1.5 லட்சம் போச்சு, 3.6 லட்சம் லாபம் 2.1 லட்சம் ஆகிறது. வெளியே பார்ப்பவர்களுக்கு, "நாலஞ்சு சைட் ஓடுது, நல்லா வளர்ந்துட்டார்" என்று தோன்றும். அவர் வாங்கிய புது கார் அந்த எண்ணத்தை இன்னும் உறுதிப்படுத்தும்.

தடுக்கும் வழி எளிது, கடைப்பிடிப்பதுதான் கடினம். ஒவ்வொரு சைட்டுக்கும் தனி வங்கிக் கணக்கு; முடியாவிட்டால் தனி நோட்டாவது. ஒரு சைட்டிலிருந்து இன்னொன்றுக்குப் பணம் போனால் அதைக் கடனாகவே எழுத வேண்டும், திருப்பிப் போடும் தேதியோடு. கணக்குப் பார்க்க தன்னைத் தவிர இன்னொருவர் இருந்தால் இன்னும் நல்லது. வீட்டிலேயே மனைவியோ மகளோ கணக்கு எழுதும் ஒப்பந்தக்காரர்கள் பலர் தப்பித்திருப்பதற்கு இதுதான் காரணம் என்பது என் எண்ணம். அவர்கள் கேள்வி கேட்பார்கள்.

இது சின்ன ஆட்களின் பிரச்சினை மட்டும் என்று நினைக்க வேண்டாம். பிரிட்டனில் கரில்லியன் என்று ஒரு பெரிய கட்டுமான நிறுவனம் இருந்தது. 2006இல் மௌலெம், 2008இல் ஆல்ஃபிரட் மெக்கால்பைன், 2011இல் ஈகா என்று வரிசையாக நிறுவனங்களை வாங்கி வளர்ந்தது. துணை ஒப்பந்தக்காரர்களுக்குப் பணம் தர 120 நாள் வரை கெடு வைத்திருந்தது. 2016ஆம் ஆண்டுக்கு பங்குதாரர்களுக்கு 7.9 கோடி பவுண்டு ஈவுத்தொகை அறிவித்தது. 2017 ஜூலையில், ஒப்பந்தங்களில் 84.5 கோடி பவுண்டை நஷ்டமாகக் கணக்கில் எடுக்க வேண்டியிருக்கிறது என்று ஒப்புக்கொண்டது. 2018 ஜனவரி 15 அன்று கலைப்புக்குப் போனபோது பொறுப்புகள் கிட்டத்தட்ட 700 கோடி பவுண்டு, கையில் ரொக்கம் 2.9 கோடி. மருத்துவமனைக் கட்டடங்கள் பாதியில் நின்றன. அளவு வேறு, நோய் ஒன்றுதான்.

தையில் தொடங்கினால் ரூஃபும் ஒன்றாக வரும்

பணம் ஒன்றே எல்லை இல்லை. தமிழ்நாட்டில் மார்கழியில் பூமி பூஜை போடுபவர்கள் குறைவு. வடகிழக்குப் பருவமழையும் ஓய்ந்திருக்கும். தை பிறந்ததும் எல்லோரும் ஒன்றாக வருவார்கள். மூன்று வீட்டை ஒரே மாதத்தில் தொடங்கினால் மூன்று பேஸ்மட்டமும் ஒன்றாக முடியும், மூன்று ரூஃபும் ஒரே வாரங்களில் வந்து நிற்கும். பணத்தின் உச்சமும் அந்த வாரங்களில்தான் என்று மேலே பார்த்தோம். கான்கிரீட் இறுகும்வரை அதைத் தாங்கும் ஷீட், முட்டு போன்ற சென்ட்ரிங் சாமானின் உச்சமும் அதேதான்.

ரூஃப் போட்டதும் முட்டுகளை எடுத்துவிட முடியாது. கான்கிரீட் வேலைக்கான இந்தியத் தரவிதி ஐஎஸ் 456 படி, சாதாரண போர்ட்லாண்ட் சிமென்டில், தாங்கும் இடங்களுக்கு நடுவே 4.5 மீட்டர் வரையிலான ஸ்லாபுக்கு முட்டு 7 நாளும், அதற்கு மேல் 14 நாளும் நிற்க வேண்டும். பீமுக்கு 6 மீட்டர் வரை 14 நாள், அதைத் தாண்டினால் 21 நாள். ஒரே ஒரு செட் ஷீட்டும் ஜாக்கியும் (இரும்பு முட்டு) வைத்திருப்பவருக்கு இந்த நாட்கள்தான் வளர்ச்சியின் வேகத்தைச் சொல்கின்றன. அடுத்த சைட்டில் கம்பி கட்டுபவர்கள் சும்மா உட்கார்ந்திருக்கிறார்கள் என்று 14 நாள் நிற்க வேண்டியதை 8ஆம் நாள் பிரிப்பவர் உண்டு. அந்த வீட்டில் பிறகு வருகிற விரிசலுக்கு சிமென்ட் கம்பெனியைத் திட்டுவார்கள்.

ஆட்களும் அப்படித்தான். பொங்கலுக்கு உள்ளூர் ஆட்கள் ஒரு வாரம் வரமாட்டார்கள். வடமாநிலத் தொழிலாளர்கள் ஹோலிக்கும் சத் பூஜைக்கும் ஊர்த் தேர்தலுக்கும் கிளம்பினால் திரும்ப ஒரு மாதமும் ஆகலாம். மூன்று வீட்டையும் ஆறு ஆறு வார இடைவெளியில் தொடங்கினால் ஒரே சென்ட்ரிங் செட், ஒரே கம்பி கட்டும் குழு மூன்றுக்கும் சுழலும். வருட முடிவில் கட்டிய வீடுகளின் எண்ணிக்கையும் குறையாது. தேவைப்படும் கைப்பணம்தான் குறையும்.

மூன்றாவது வீடு

இரண்டு வீடு வரை ஒப்பந்தக்காரர் தினமும் இரண்டு சைட்டுக்கும் போய்வருவார். கம்பி இடைவெளியை அவரே அளப்பார், செங்கல்லைத் தட்டிப் பார்ப்பார், கான்கிரீட் நன்றாக இறுக கியூரிங் தண்ணீர் ஊற்றவில்லை என்றால் அவரே குழாயை எடுப்பார். மூன்றாவது வீட்டில் இது உடைகிறது. அவருடைய பகல் போனிலேயே போகும். ஆள் வைத்தாக வேண்டும்.

மேற்பார்வைக்கு டிப்ளமோ படித்த ஒரு பையனை மாதம் 25,000 சம்பளத்தில் வைத்தால் எட்டு மாதத்துக்கு 2 லட்சம். இரண்டு வீட்டில் லாபம் 7.2 லட்சம், சம்பளச் செலவு இல்லை. மூன்று வீட்டில் 10.8 லட்சம், சம்பளம் போக 8.8. ஆக மூன்றாவது வீடு தருவது வெறும் 1.6 லட்சம், அதற்காக முடங்குவது இன்னொரு 4 லட்சம். நான்கு வீடானால் 12.4 லட்சம் நிற்கும். அதனால்தான் மூன்று என்பது ஒரு சங்கடமான எண். இரண்டில் நிறைவாக இருக்கலாம், அல்லது நான்குக்கான பணத்தையும் ஆளையும் சேர்த்துக்கொண்டு தாண்டலாம். நடுவில் தங்குவது உழைப்புக்குத் தகுந்த பலன் தராது. இரண்டிலேயே இருப்பது கேவலம் என்று ஒரு நினைப்பு தொழிலில் இருக்கிறது. எனக்கு அதில் உடன்பாடில்லை. இரண்டு வீடு, நல்ல பெயர், கடன் இல்லை என்று ஓட்டுபவர்களும் திட்டமிட்டுத்தான் செய்கிறார்கள்.

தாண்டுவது என்று முடிவெடுத்தால் ஆளை மூன்றாவது வீடு தொடங்கிய பிறகு தேடக்கூடாது. இரண்டாவது வீட்டில் லிண்டல் நடக்கும்போதே வைத்து, உங்கள் கூடவே நடக்கவிட வேண்டும். உங்கள் பார்வை அவனுக்கு வர ஒரு முழு வீடு ஆகும்.

இங்கேதான் தலைமையின் உண்மையான சிக்கல் வரும். இருபது வருடமாகக் கூடவே இருக்கும் மேஸ்திரி ஒருவர் இருப்பார். நேற்று வந்த பையன் டேப்பைப் பிடித்துக்கொண்டு, கம்பிக்கு அடியில் இடைவெளிக்கு வைக்கும் கட்டையைக் காணோம் என்று, "மேஸ்திரி, இங்க கவர் பிளாக் வைக்கல, பிரிச்சுக் கட்டுங்க" என்பான். "தம்பி, நீ பொறக்கறதுக்கு முன்னாடியே நான் ரூஃப் போட்டவன்" என்பார் அவர். முதலாளி என்ன செய்வார்? பெரும்பாலும் இருவரிடமும் தனித்தனியாக, "நீங்க சொல்றதுதான் சரி" என்று சொல்லிவைப்பார். அன்றோடு அந்தப் பையன் வெறும் அளவு எடுக்கும் ஆளாகிவிடுவான்.

யார் எதை முடிவு செய்வது என்று இருவரையும் சேர்த்து உட்காரவைத்து முன்கூட்டியே பிரித்துவிட வேண்டும். அளவு, கலவை, கம்பி, முட்டுப் பிரிக்கும் நாள் எல்லாம் பையன் பொறுப்பு. எந்த ஆள் எந்த வேலைக்கு, யாருக்கு என்ன கூலி, எந்தச் சுவர் முதலில் என்பது மேஸ்திரி பொறுப்பு. கான்கிரீட் போடும் முன் பையன் கையெழுத்துப் போடாமல் மிக்சர் ஓடக்கூடாது. கையெழுத்து இல்லாததால் ஒரு முறையாவது மிக்சரை நிறுத்தி, அன்றைய கூலி நஷ்டத்தை முதலாளி ஏற்றுக்கொண்டால்தான் சைட்டில் இருப்பவர்கள் அதை நம்புவார்கள். பணத்திலும் ஒரு வரம்பு வேண்டும். 5,000 ரூபாய் வரை சைட்டிலேயே முடிவு, அதற்கு மேல் கேட்டுவிட்டு என்று வைத்தால் ஆணி வாங்கவும் போன் வராது.

கண் போகாத இடத்துக்கு எண் போக வேண்டும். ஓர் உதாரணம்: 1,000 சதுர அடி ஸ்லாப், 5 அங்குல கனம் என்றால் சுமார் 417 கன அடி, அதாவது 11.8 கன மீட்டர். 1:1½:3 கலவையில் (சிமென்ட், மணல், ஜல்லி) ஒரு கன மீட்டருக்குத் தோராயமாக 8 மூட்டை சிமென்ட். ஆக ஸ்லாபுக்கு மட்டும் 95 மூட்டை, பீமுக்குத் தனி. சாயங்காலம் வரும் கணக்கில் 80 என்றிருந்தால் கலவையில் குறைத்திருக்கிறார்கள், அல்லது கனம் குறைந்திருக்கிறது. 120 என்றிருந்தால் கனம் கூடியிருக்கிறது, அல்லது மூட்டை வெளியே போயிருக்கிறது. சைட்டுக்கே போகாமல் இவ்வளவும் தெரியும். இதற்கு சாஃப்ட்வேர் எல்லாம் வேண்டாம். வந்த ஆள், வந்த பொருள், செலவான பொருள், முடிந்த வேலை: தினமும் நான்கு வரி வாட்ஸ்அப்பில் வந்தால் போதும்.

அரசு வேலைக்குப் போகலாமா?

வீடுகளில் பழகியதும் பொதுப்பணித் துறையில் பதிவு செய்து டெண்டர் போட ஆசை வரும். அங்கே பணம் நிச்சயம் வரும் என்பார்கள். வரும். எப்போது என்பதுதான் கேள்வி. வேலையை அளந்து அளவுப் புத்தகத்தில் ஏற்ற வேண்டும், மேலதிகாரி சரிபார்க்க வேண்டும், செயற்பொறியாளர் பில்லைப் பாஸ் செய்ய வேண்டும், நிதி ஒதுக்கீடும் இருக்க வேண்டும்.

வரும் பணமும் முழுதாக வராது. 20 லட்சம் பில் என்று வையுங்கள். தனிநபர் பெயரில் தொழில் நடந்தால் வருமான வரிப் பிடித்தம் 1 சதவீதம், ஜிஎஸ்டி பிடித்தம் 2, தொழிலாளர் நலநிதி 1, வேலைக்கு உத்தரவாதமாகப் பிடித்துவைக்கும் நிறுத்திவைப்பு 5 என்று கொண்டால் 1.8 லட்சம் கழிந்துவிடும். லாபம் 10 சதவீதம், அதாவது 2 லட்சம். கிட்டத்தட்ட முழு லாபமும் வெளியே நிற்கிறது. நலநிதி தவிர மற்றவை பிறகு திரும்பும் அல்லது வரியில் கழியும். ஆனால் வருகிற சனிக்கிழமைக்கு அவை உதவாது. டெண்டர் போடும்போது கட்டும் முன்வைப்புத் தொகையும், வேலை கிடைத்ததும் கட்டும் பாதுகாப்பு வைப்பும் இதில் சேர்க்கவில்லை.

அதே அரசு டெண்டர்களில் ஒரு நல்ல சூத்திரம் இருக்கிறது. ஒப்பந்தக்காரரால் இன்னும் எவ்வளவு வேலை தாங்க முடியும் என்று பார்க்க, சாலை, கட்டட வேலைகள் பலவற்றில் அதைப் போட்டுப் பார்க்கிறார்கள். கடந்த ஐந்து ஆண்டுகளில் எந்த ஓர் ஆண்டில் அதிகமாக வேலை முடித்தாரோ அந்தத் தொகையை இன்றைய விலைக்கு ஏற்றி எடுத்துக்கொள்ள வேண்டும். அதைப் புதிய வேலைக்கான ஆண்டுகளால் பெருக்கி, மேலும் ஓர் எண்ணால் பெருக்க வேண்டும். அந்த எண் டெண்டருக்கு டெண்டர் மாறும். 2 என்று வைப்போம். வந்ததில், அதே காலத்தில் முடிக்க வேண்டிய கைவசமுள்ள வேலையைக் கழிக்க வேண்டும். மிச்சம்தான் தாங்கும் திறன்.

வீடு கட்டுபவரும் தனக்குத்தானே இதைப் போட்டுப் பார்க்கலாம். அதிகபட்சம் ஓர் ஆண்டில் 72 லட்சத்துக்கு முடித்தவர். புதிய வேலை ஓர் ஆண்டு. 72ஐ 2ஆல் பெருக்கினால் 144. கையில் 108 லட்சத்துக்கு வேலை இருந்தால் மிச்சம் 36. இன்னும் ஒரே ஒரு வீடு. சொந்தத் தொழிலுக்கு 2 என்பதே எனக்கு அதிகமாகப் படுகிறது. ஒன்றரை வைத்தால் 108 கழிய 108, மிச்சம் ஒன்றுமில்லை. இரண்டு விடையில் எது உங்களுக்கு என்பதைக் கைப்பணமும் ஆளும் சொல்லும்.

இந்தக் கணக்கைப் போட நல்ல காலம் ஐப்பசி, கார்த்திகை. மழையில் வேலை சுணங்கியிருக்கும், தைக்கு வரப்போகிறவர்கள் விசாரிக்கத் தொடங்கியிருப்பார்கள். திறனுக்கு மேல் ஒருவர் வந்தால் முடியாது என்று முகத்தில் அடிக்க வேண்டியதில்லை. "அண்ணே, உங்க வேலைய இப்ப எடுத்தா என்னால நின்னு பாக்க முடியாது. மாசி கடைசில வானம் தோண்டிடலாம், அதுவரைக்கும் அட்வான்ஸ் வேண்டாம்" என்று சொல்லலாம். அட்வான்ஸ் வேண்டாம் என்று சொல்லும் ஒப்பந்தக்காரரைப் பார்த்துப் பழக்கமில்லாததால் பலர் காத்திருக்கவே செய்வார்கள். தேதியை எழுதிக் கொடுங்கள். அத்தோடு, கம்பி, சிமென்ட் விலை வேலை தொடங்கும் நாளின் நிலவரப்படி என்று ஒரு வரியையும் அதிலேயே சேர்த்துவிடுங்கள்.